சோறு நெஞ்சுலயே நிக்குதா? உணவுக்குழாய் தசை நோய்க்கு மாத்திரை, ஊசி எல்லாம் எப்போ, எப்படி எடுக்கணும்

எங்க அத்தைக்கு ரெண்டு வருஷம் கேஸ் ட்ரபிள்னு சொல்லித்தான் வைத்தியம் நடந்துச்சு. ஒவ்வொரு வாய் சோத்துக்கும் ஒரு மடக்கு தண்ணி குடிச்சு, எந்திரிச்சு நின்னு, தோளைப் பின்னாடி தள்ளி நெஞ்சை நிமித்தி எப்படியோ இறக்குவாங்க, ராத்திரி படுத்தா மத்தியானம் சாப்பிட்ட சோறு அப்படியே பருக்கை பருக்கையா தலகாணில வந்து கிடக்கும். அதுல ஒரு புளிப்பு வாடை கூட இருக்காது. அது தான் பெரிய தடயம்னு எங்களுக்கு அப்போ தெரியல. வயித்துக்குள்ள போயிட்டு திரும்பி வந்தா புளிக்கும், கசக்கும். புளிக்காம வருதுன்னா அது வயித்துக்கே போகல, குழாய்லயே தங்கி நின்னிருக்கு.

வியாதி பேரு அகலேசியா. வருஷத்துக்கு லட்சம் பேர்ல ஏறக்குறைய ஒருத்தருக்கு புதுசா வர்ற வியாதி, அதனால பக்கத்துத் தெருவுல கேட்டா யாருக்கும் தெரியாது. அத்தையோட மாத்திரை வேளையைப் பார்த்துக்கிட்டது நான் தான், அப்போ டாக்டர்கிட்ட கேட்டு, படிச்சு, நோட்ல எழுதி வச்சதை எல்லாம் வரிசையா இங்க தர்றேன். டோஸ் எல்லாம் பொதுவா குடுக்கறது, உங்க பிபி, உங்க இதயம், நீங்க ஏற்கனவே சாப்பிடற மாத்திரை இதெல்லாம் பார்த்து டாக்டர் தான் முடிவு பண்ணணும், இதை வச்சு நேரா மெடிக்கல் ஷாப்புக்குப் போயிடாதீங்க.

முதல்ல குழாய் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடலாம்

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். மேல் பக்கம் இருக்கறது நம்ம கை கால் தசை மாதிரி தசை, கீழ போகப் போக தானா இயங்கற மென்தசை. அடில வயிறு ஆரம்பிக்கற இடத்துல ஒரு வால்வு, எப்பவும் மூடியே இருக்கும், முழுங்கினா மட்டும் சில நொடி திறக்கும். அதைத் திறக்கச் சொல்றது குழாய்ச் சுவத்துக்குள்ள இருக்கற நரம்பு செல்லுங்க, அதுங்க நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு பொருளை விட்டா தசை தளரும், அசிட்டைல்கோலின் விட்டா இறுகும். அகலேசியால தளரச் சொல்ற நரம்பு மட்டும் அழிஞ்சு போயிடுது, இறுக்கச் சொல்றது மிச்சம் இருக்கு. அதனால வால்வு திறக்காது, மேல இருக்கற குழாயும் சோத்தை அலை அலையா தள்ளாது. அழிஞ்ச நரம்பைத் திரும்ப முளைக்க வைக்கற மருந்து இன்னிக்கு வரைக்கும் கிடையாது. கீழ அகலேசியாவுக்குன்னு நான் சொல்லப்போற ஒவ்வொரு மாத்திரையும் அந்த வால்வைக் கொஞ்ச நேரத்துக்கு தளர்த்தும், அவ்வளவு தான் அதால முடியும்.

இதே குடும்பத்துல இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்ணு ஸ்பாசம், வால்வு சரியா திறக்கும் ஆனா குழாய் தாறுமாறா நேரம் கெட்ட நேரத்துல இறுகும், பேரியம் எக்ஸ்ரேல கார்க் திருகாணி மாதிரி தெரியும். இன்னொண்ணு ஜேக்ஹாமர், அதுல குழாய் அளவுக்கு மீறின பலத்தோட சுருங்கும். இந்த ரெண்டுலயும் சோறு நிக்கறதோட நெஞ்சு வலியும் பிடிச்சு இழுக்கும்.

இவங்களுக்கு நேர் எதிரா ஒரு கூட்டம் இருக்கு, ஸ்க்லீரோடெர்மான்னு தோலும் உள் உறுப்பும் தடிச்சு இறுகற நோய் இருக்கறவங்க. அவங்களுக்கு குழாய் தசை தொய்ஞ்சு போய் வால்வு எப்பவும் திறந்தே கிடக்கும். சோறு இறங்கலன்னு தான் அவங்களும் சொல்வாங்க. அவங்களுக்கு தளர்த்தற மாத்திரை குடுத்தா இருக்கற கொஞ்ச நஞ்ச இறுக்கமும் போய் ஆசிட் மேல ஏறும். விரல் வெளுத்து நீலமாகறதுக்காக அவங்கள்ல நிறைய பேர் நிஃபெடிபின் சாப்பிடுவாங்க, நெஞ்செரிச்சல் கூடினா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும். அவங்களுக்கு வேண்டியது ஆசிட் குறைக்கற மாத்திரை, அப்புறம் தேவைப்பட்டா சாப்பாட்டைக் கீழ தள்ளிவிடற வகை. வெளியில தெரியற தொந்தரவு ஒண்ணு, உள்ள நடக்கறது ரெண்டு, மருந்தும் எதிரெதிர். அதனால தான் அடுத்த படி.

படி 1: பேர் தெரியாம மாத்திரை ஆரம்பிக்காதீங்க

எண்டோஸ்கோபி கட்டாயம். வயசானவங்க, ஆறு மாசத்துக்குள்ள மடமடன்னு எடை குறைஞ்சவங்கன்னா இன்னும் கட்டாயம், ஏன்னா வயித்து வாய்ல இருக்கற கேன்சர் கூட அச்சு அசலா அகலேசியா மாதிரியே நடிக்கும். எண்டோஸ்கோபி பண்ணும்போதே குழாய்ல இருந்து சதை எடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, ஈசினோஃபில்னு ஒரு வகை ரத்த செல் அங்க சேர்ந்து வர்ற அலர்ஜி வகை ஒண்ணு இருக்கு, அதுக்கு வைத்தியமே வேற.

அடுத்தது பேரியம். வெள்ளையா சுண்ணாம்புத் தண்ணி மாதிரி குடிக்கக் குடுத்து 1, 2, 5 நிமிஷத்துல படம் எடுப்பாங்க, எவ்வளவு உயரம் தேங்கி நிக்குதுன்னு செ.மீ.ல தெரியும். அகலேசியான்னா கீழ பறவை அலகு மாதிரி கூம்பி இருக்கும்.

கடைசியா மேனோமெட்ரி. மூக்கு வழியா மெல்லிசான ட்யூப் விட்டு, 5 மில்லி தண்ணியா பத்து தடவை முழுங்கச் சொல்வாங்க, ஒவ்வொரு தடவையும் குழாய் முழுக்க அழுத்தம் எப்படி ஓடுதுன்னு கலர் படமா வரும். அத்தை பயந்து போய் "கண்ணு, மூச்சு அடைச்சிருமாடா?"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க, ட்யூப் தொண்டை தாண்டற நேரம் கண்ல தண்ணி வந்துச்சு, அதுக்கப்புறம் கால் மணி நேரத்துல முடிஞ்சுது. அகலேசியால டைப் 1, 2, 3னு இருக்கு, அது இந்த டெஸ்ட்ல தான் தெரியும், பின்னாடி எந்த வைத்தியம்ங்கறது அதை வச்சுத் தான். இந்த டெஸ்டுக்கு முன்னாடி தசையைத் தளர்த்தற மாத்திரையை நிறுத்தச் சொல்வாங்க, எத்தனை நாள்னு கேட்டுக்கோங்க, இல்லன்னா ரிசல்ட் பொய் சொல்லும்.

ட்ரமடால், மார்ஃபின் மாதிரி வலி மாத்திரை ரொம்ப நாளா எடுக்கறவங்களுக்கு அந்த மாத்திரையே அகலேசியா மாதிரி படத்தை உண்டாக்கும். சில பேருக்கு அதைக் குறைச்சாலே சரியாகிடும். இதை டாக்டர் கேக்கலன்னாலும் நீங்க சொல்லணும்.

படி 2: நெஞ்சு வலின்னா முதல்ல இதயம்

இது எத்தனை தடவை சொன்னாலும் தகும். நாக்குக்கு அடில சார்பிட்ரேட் வச்சதும் வலி போச்சு, அப்போ ஹார்ட் தான்னும் சொல்ல முடியாது, ஹார்ட் இல்லன்னும் சொல்ல முடியாது, ஏன்னா அந்த மாத்திரை ரெண்டு இடத்துத் தசையையும் தளர்த்தும். ஈசிஜி, தேவைன்னா மத்த டெஸ்ட் எல்லாம் பார்த்து இதயம் சுத்தமா இருக்குன்னு தெரிஞ்ச பிறகு தான் உணவுக்குழாய் பக்கம் வரணும். ஸ்பாசம்னு ஏற்கனவே பேர் எழுதி வச்சிருந்தாலும், புது மாதிரி வலி, வியர்வை, கைக்கு இழுக்கறதுன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

படி 3: நைட்ரேட், இதுல நேரம் தான் எல்லாம்

ஐசோசார்பைட் டைநைட்ரேட், நம்ம ஊர்ல சார்பிட்ரேட்னு எல்லாருக்கும் தெரிஞ்ச சின்ன மாத்திரை. போன நரம்பு குடுக்க வேண்டிய நைட்ரிக் ஆக்சைடை இது வெளியில இருந்து குடுக்குது. பொதுவா 5 மி.கி., சாப்பாட்டுக்கு 10ல இருந்து 15 நிமிஷம் முன்னாடி, நாக்குக்கு அடில. முழுங்கக் கூடாது, முழுங்கினா அதுவும் சோத்தோட சேர்ந்து குழாய்ல தான் நிக்கும். வேலை செய்யற நேரம் அரை மணில இருந்து ஒன்றரை மணி வரைக்கும், அதுக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும்.

எங்க வீட்ல எப்படி நடந்துச்சுன்னா, அத்தையை நாற்காலில உக்கார வச்சு மாத்திரையை நாக்குக்கு அடில வச்சுட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து 12 நிமிஷம் ஆனதும் தான் தட்டு வைப்பேன். இட்லிய வெந்நீர் விட்டு ரசத்துல ஊற வச்சு, கூழ் பதத்துக்கு பிசைஞ்சு. முதல் நாள் மூணாவது நிமிஷத்துலயே "தலை விண்ணு விண்ணுங்குதுடா"ன்னாங்க, முகம் சிவந்து போச்சு. ரத்தக் குழாயும் சேர்ந்து விரியறதால வர்ற தலைவலி அது. ஆனா அன்னிக்கு ரெண்டு இட்லி எந்திரிக்காம இறங்குச்சு, ரொம்ப நாளைக்கு அப்புறம். தலைவலி அதிகம்னு டாக்டர்கிட்ட சொன்னதுக்கு பாதி மாத்திரைல இருந்து ஏத்திக்கச் சொன்னார், ஒரு வாரத்துல பழகிடுச்சு.

உக்காந்து தான் எடுக்கணும், சட்டுன்னு எந்திரிக்கக் கூடாது, பிபி இறங்கி தலை சுத்தி விழறவங்க நிறைய, குறிப்பா வயசானவங்க. நாள் முழுக்க விடாம எடுத்தா உடம்பு பழகி மருந்து மங்கிடும், அதனால சாப்பாட்டு வேளைக்கு மட்டும்.

இதைத் தடிச்ச எழுத்துல எழுதி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டுங்க: நைட்ரேட் எடுக்கறவங்க வயாக்ரா வகை மாத்திரையான சில்டெனாஃபில், டடாலாஃபில் தொடவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா பிபி கிடுகிடுன்னு விழும், உயிர் போகற அளவுக்கு. சில்டெனாஃபில் எடுத்திருந்தா குறைஞ்சது 24 மணி நேரம், டடாலாஃபில்னா 48 மணி நேரம் நைட்ரேட் பக்கம் போகக் கூடாது. ஆம்பளைங்க வெக்கப்பட்டுக்கிட்டு டாக்டர்கிட்ட இதை மறைக்கறாங்க, தயவு செஞ்சு மறைக்காதீங்க. நுரையீரல் ரத்த அழுத்தத்துக்காக பொம்பளைங்களும் இதே மாத்திரை சாப்பிடறாங்க, அவங்களுக்கும் இதே விதி தான்.

படி 4: நிஃபெடிபின், டில்டியாசெம்

தசை சுருங்கணும்னா அதுக்குள்ள கால்சியம் நுழையணும், அந்த வாசலை அடைக்கற மாத்திரைங்க இவை. அகலேசியாவுக்கு நிஃபெடிபின் 10ல இருந்து 30 மி.கி., சாப்பாட்டுக்கு 30ல இருந்து 45 நிமிஷம் முன்னாடி, டெபின் மாதிரி சாதா கேப்ஸ்யூல் தான். ரிட்டார்ட்னு போட்டிருக்கற மெதுவா கரையற வகை இதுக்கு சரிவராது, அதை உடைச்சு பொடி பண்ணவும் கூடாது, நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரேயடியா உள்ள போயிடும். வால்வு அழுத்தத்தை 30ல இருந்து 60 சதவீதம் வரைக்கும் குறைக்கும். நைட்ரேட்டை விட கொஞ்சம் மெதுவா, கொஞ்சம் நேரம் தாங்கும். கணுக்கால் வீங்கும், முகம் குப்புன்னு சூடாகும், பிபி இறங்கும்.

ஸ்பாசம், ஜேக்ஹாமர்காரங்களுக்கு டில்டியாசெம் குடுப்பாங்க. பீட்டா பிளாக்கர்னு பிபிக்கும் இதயத்துக்கும் குடுக்கற மாத்திரை எடுக்கறவங்களுக்கு அதோட சேர்ந்தா நாடித்துடிப்பு ரொம்ப குறையும், பம்பிங் பலம் குறைஞ்ச இதயத்துக்கும் ஆகாது.

இன்னொண்ணு. வயித்துப் புண் உண்டாக்கற கிருமிக்குன்னு குடுக்கற மாத்திரை கிட்ல கிளாரித்ரோமைசின்னு ஒரு ஆன்டிபயாட்டிக் இருக்கும், அது இந்த மாத்திரைங்களை உடம்புல தேங்க வச்சு பிபியைத் தள்ளிவிடும். புதுசா ஆன்டிபயாட்டிக் எழுதினா, நான் நிஃபெடிபின் எடுக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.

படி 5: வலி தான் பெரிசுன்னா

ஸ்பாசம்ல சோறு ஓரளவு இறங்கும், ஆனா வலி தாங்காது, அது தான் பலருக்குத் தொந்தரவு. இங்க முதல்ல ஆசிட் குறைக்கற மாத்திரை, பான்டாப்ரசோல் வகை, சில வாரம் முயற்சி பண்ணுவாங்க, ஏன்னா ஆசிட் மேல ஏறறதே சில பேருக்கு ஸ்பாசத்தைத் தூண்டி விடுது. புதினா எண்ணெயை வெந்நீர்ல சில சொட்டு கலந்து சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்கறது சின்ன வைத்தியம் மாதிரி தெரியும், ஆனா அது நிஜமாவே மென்தசையைத் தளர்த்துது, அளவு மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. நெஞ்செரிச்சல் இருக்கறவங்களுக்கு கூடலாம்.

அதுலயும் அடங்கலன்னா அமிட்ரிப்டிலின், இமிப்ரமின் மாதிரி மாத்திரை, ராத்திரில 10 மி.கி.ல ஆரம்பிச்சு மெதுவா. சீட்டைப் பார்த்த உடனே "எனக்கு என்ன பைத்தியமா?"ன்னு கோவப்பட்டு தூக்கிப் போட்டவங்களை எனக்குத் தெரியும். இந்த குறைஞ்ச டோஸ் மனசுக்கு இல்ல, நெஞ்சுல இருந்து மூளைக்குப் போற வலி நரம்போட சத்தத்தைக் குறைக்கறதுக்கு. சில வாரம் பொறுத்தா தான் பலன் தெரியும். வாய் வறளும், மலம் இறுகும், ப்ராஸ்டேட் தொந்தரவு, கண்ணுல பிரஷர் இருக்கறவங்க முன்கூட்டியே சொல்லணும். சில டாக்டருங்க சில்டெனாஃபிலையே ஸ்பாசத்துக்குக் குடுக்கறாங்க, வால்வையும் குழாயையும் தளர்த்தும், ஆனா மேல சொன்ன எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

படி 6: போடாக்ஸ் ஊசி

முகச் சுருக்கத்துக்குப் போடறாங்களே, அதே மருந்து. இறுகச் சொல்ற அசிட்டைல்கோலின் நரம்பு நுனில இருந்து வெளிய வராம இது தடுக்கும். 1990கள்ல டாக்டர் பங்கஜ் ஜே பஸ்ரிச்சாவும் அவர் கூட இருந்தவங்களும் தான் அகலேசியாவுக்கு இதை முயற்சி பண்ணி 1995ல ஆய்வா வெளியிட்டாங்க. எண்டோஸ்கோபி வழியா வால்வைச் சுத்தி நாலு பக்கமும் மொத்தம் 100 யூனிட் போடுவாங்க, அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம்.

முதல் மாசம் நிறைய பேருக்கு நல்லா இருக்கும், அதுக்கப்புறம் நரம்பு நுனி திரும்ப முளைச்சு, ஆறு மாசம் ஒரு வருஷத்துல பெரும்பாலும் பழைய கதை தான். திரும்பத் திரும்ப போட்டா அந்த இடம் தழும்பாகி பின்னாடி ஆபரேஷன் பண்றவங்களுக்குக் கஷ்டம். அதனால வயசு ரொம்ப ஆனவங்க, இதயம் நுரையீரல் பலவீனமா இருந்து மயக்க மருந்து தாங்காதவங்க, இவங்களுக்குத் தான் இது பொருத்தம். 35 வயசுக்காரருக்கு வருஷா வருஷம் போடாக்ஸ்னா நான் இன்னொரு டாக்டரைப் பார்க்கச் சொல்லுவேன். மயஸ்தீனியா கிராவிஸ்னு தசை பலம் குறையற நோய் இருந்தா போடவே கூடாது.

படி 7: மாத்திரை வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்

எக்கார்ட் ஸ்கோர்னு ஒண்ணு இருக்கு, வீட்லயே போடலாம். சோறு நிக்கறது, சாப்பிட்டது மேல வர்றது, நெஞ்சு வலி இந்த மூணுக்கும் இல்லன்னா 0, எப்பவாவதுன்னா 1, தினமும்னா 2, ஒவ்வொரு வேளையும்னா 3. எடை குறையலன்னா 0, 5 கிலோவுக்குள்ள 1, 5ல இருந்து 10 கிலோ 2, அதுக்கு மேல 3. மொத்தம் 12. வைத்தியத்துக்கு அப்புறம் 3 அல்லது அதுக்குக் கீழ இருந்தா நல்லா இருக்குன்னு கணக்கு. அத்தைக்கு ஆரம்பத்துல 9, மாத்திரைல 6 வரைக்கும் இறங்கி அங்கயே நின்னுடுச்சு.

அந்த 6ல தான் நாங்க தப்பு பண்ணினோம். ஏதோ இறங்குதேன்னு எட்டு மாசம் மாத்திரையிலயே ஓட்டிட்டோம். அத்தைக்கும் பழகிப் போச்சு, புகார் சொல்றதையே விட்டுட்டாங்க. திரும்ப பேரியம் எடுத்தப்போ குழாய் முன்னைவிட அகலமாகி, 5 நிமிஷம் ஆகியும் தண்ணி மட்டம் இறங்காம நின்னுச்சு. தொந்தரவு குறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள தேக்கம் இருக்கலாம், அதனால ஸ்கோரை மட்டும் நம்பாம பேரியமும் பாருங்க. அகலேசியால மாத்திரை தற்காலிகம், ஆபரேஷன் தேதி கிடைக்கற வரைக்கும், உடம்பு தேறி எடை ஏறற வரைக்கும், இல்ல வேற எதுவும் பண்ண முடியாத உடம்புன்னா. மத்தவங்க பலூன் வச்சு வால்வை விரிக்கறது, வயித்துல துளை போட்டு வால்வுத் தசையை வெட்டற ஹெல்லர் ஆபரேஷன், அதே தசையை எண்டோஸ்கோபி வழியா வெட்டற போயம் இந்த மூணுல ஒண்ணுக்குப் போகணும். 2011ல வந்த ஐரோப்பிய ஆய்வுல ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் பலூன் 86 சதவீதம், ஹெல்லர் 90 சதவீதம் பேருக்கு பலன் குடுத்துச்சு, எந்த மாத்திரையும் அதுக்குப் பக்கத்துல கூட வராது. குழாயும் சேர்ந்து இறுகற டைப் 3ன்னா தசையை நீளமா வெட்ட முடியறதால போயம் பக்கம் தான் சாய்வாங்க. இந்த போயம், ஜப்பான்ல ஹருஹிரோ இனோவே 2008ல ஆரம்பிச்சது, வயித்துல கத்தி படாம வாய் வழியாவே பண்றது, இப்போ இந்தியாவுலயும் நிறைய நடக்குது. அத்தைக்கு அது தான் பண்ணினோம்.

படி 8: வால்வு திறந்த பிறகு

திறந்த வால்வு வழியா இப்போ ஆசிட் மேல ஏறும். 2019ல போயமையும் ஹெல்லரையும் ஒப்பிட்ட ஆய்வுல, ரெண்டு வருஷம் கழிச்சு எண்டோஸ்கோபில புண் இருந்தது போயம் ஆளுங்கள்ல 44 சதவீதம், ஹெல்லர்ல 29. அதனால பான்டாப்ரசோல் வகை மாத்திரை, காலைல சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும். ஒண்ணும் எரியலையேன்னு நீங்களா நிறுத்தாதீங்க, இந்தக் குழாய்க்கு உணர்வு மங்கி இருக்கும், புண்ணே இருந்தாலும் எரிச்சல் தெரியாது. நைட்ரேட், நிஃபெடிபின் இதெல்லாம் இந்தக் கட்டத்துல நிறுத்திடுவாங்க, பழைய அட்டை வீட்ல கிடந்தா எடுத்துக் குடுத்துடுங்க.

மத்த வியாதிக்கான மாத்திரைங்க

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒண்ணு சாப்பிடற அலெண்ட்ரோனேட், அகலேசியா இருக்கறவங்களுக்கு ஆகவே ஆகாது, குழாய்ல ஒட்டிக்கிட்டு ஓட்டை போடற அளவுக்குப் புண்ணாக்கும். டாக்சிசைக்ளின், பொட்டாசியம், இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். சிரப்போ கரைச்சுக் குடிக்கற வகையோ இருக்கான்னு கேளுங்க. எந்த மாத்திரையா இருந்தாலும் நின்னுக்கிட்டோ நிமிந்து உக்காந்தோ, வெதுவெதுப்பான தண்ணில. ஐஸ் வாட்டர் வால்வை இன்னும் இறுக்கும்.

அப்புறம் எண்டோஸ்கோபியோ எந்த ஆபரேஷனோ, பல்லு பிடுங்க மயக்க ஊசி போடறதா இருந்தாலும் சரி, மயக்க டாக்டர்கிட்ட அகலேசியான்னு வாயால சொல்லுங்க, ஃபைல்ல இருக்கும்னு விட்டுடாதீங்க. மத்தவங்களுக்கு ஆறு மணி நேர பட்டினி போதும், இவங்களுக்கு முந்தின நாளே கஞ்சித் தண்ணி, மோர்னு மாத்தச் சொல்வாங்க, சில பேருக்கு ரெண்டு நாள் கூட. அத்தையோட போயம் அன்னிக்கு, ரெண்டு நாள் வெறும் நீராகாரம் குடிச்சும், குழாய்ல இருந்து அரை டம்ளர் பழைய சோத்துப் பருக்கைய உறிஞ்சி எடுத்த பிறகு தான் ஆரம்பிச்சாங்க.